நொண்டும் பன்றிக்குட்டியைத் தனியாகப் பிரிக்கலாமா?

கேள்வி இது: "இரண்டு தாய்ப் பன்றிகளின் குட்டிகள், மொத்தம் 14. இரண்டு மாதத்தில் பால் மறக்கடித்து ஒரே கொட்டிலில் விட்டேன். பத்து நாள் ஆகிறது. ஒரு பெண்குட்டி பின்னங்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. மற்றவை அதைத் தீவனத் தொட்டிக்கு வரவிடாமல் கடித்து விரட்டுகின்றன. அதிலும் பெரிய ஆண்குட்டி ஒன்றுதான் ரொம்ப அடிக்கிறது. நொண்டும் குட்டியைத் தனியாகப் பிரித்து வைத்து, கால் சரியானதும் திரும்ப விடலாமா? வலி ஊசி நாமே போடலாமா?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நொண்டும் குட்டியை இன்றைக்கே அந்தக் கொட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் ஒற்றையாக வைக்காதீர்கள். அதன் கூடப்பிறந்ததில் சாதுவான ஒன்றையும் சேர்த்து எடுங்கள். கால் சரியான பிறகு ஒற்றையாகக் கொண்டுபோய்ப் பழைய கூட்டத்தில் விடவும் வேண்டாம். வலி ஊசி நீங்களாகப் போட வேண்டாம். இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நொண்டல் ஒரு பிரச்சினை, அடிதடி இன்னொரு பிரச்சினை என்று இரண்டாக வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான கொட்டில்களில் இவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பன்றிகளுக்குள் சண்டை முடிவது எப்படியென்றால், தோற்றது திரும்பி ஓடி விலகிவிடும். விலகியதும் ஜெயித்தது விட்டுவிடும். கால் வலிக்கிற குட்டியால் அப்படிச் சட்டென்று விலக முடியாது. நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டு நிற்கும், அதனால் அடி நிற்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நல்ல காலோடு இருந்த குட்டி, துரத்தலில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, தொடையைப் பிசகிக்கொண்டு நொண்ட ஆரம்பிக்கும். ஆகவே முதல் வேலை, எது முன்னால் வந்தது என்று கண்டுபிடிப்பது. காலில் நோய் இருந்து அதனால் அடி வாங்குகிறதா, அடி வாங்கி அதனால் கால் போனதா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

இதற்குக் குட்டியின் தோலைப் பாருங்கள். காலை வெளிச்சத்தில் 14 குட்டிகளையும் பாருங்கள், நொண்டுவதை மட்டும் பார்த்தால் போதாது. கீறல்கள் காதிலும் கழுத்திலும் தோளிலும் இருந்தால் அது நேருக்கு நேர் நின்று போட்ட சண்டை. இரண்டும் தோளோடு தோள் தள்ளி, தலையைத் திருப்பிக் கடித்துக்கொண்டிருக்கும். யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும் சண்டை அது. கடி தொடையிலும் பின்பக்கத்திலும் வாலிலும் இருந்தால் அந்தக் குட்டி சண்டையே போடவில்லை, ஓடும்போது பின்னாலிருந்து கடி வாங்கியிருக்கிறது. உங்கள் பெண்குட்டிக்குத் தோளில் ஒன்றும் இல்லாமல் பின்பக்கம் மட்டும் காயம் இருந்தால், அது ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்த குட்டி. முன்பக்கத்துக் கீறல்கள் ஆறி வடுவாகியிருந்து, பின்பக்கத்துக் கடி மட்டும் புதுசாக இருந்தால், முதல் இரண்டு நாள் சரிசமமாக நின்றிருக்கிறது, கால் போன பிறகுதான் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டாவது வகையில் காலை நன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும், அங்கே ஏதோ இருக்கிறது.

காலை எப்படிப் பார்ப்பது? படுத்திருக்கும் குட்டியைப் பிடித்துத் தூக்குவதற்கு முன்னால் தீவனம் கொட்டிவிட்டு எழுந்து வருவதைக் கவனியுங்கள். நல்ல குட்டி சத்தம் கேட்டதும் ஓடிவரும். மூட்டு வலி உள்ளது நாய் உட்காருவது போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் பின்பக்கத்தைத் தூக்கும். முன்னங்கால் வலித்தால் முட்டி போட்டு நிற்கும். குளம்பில் வலி இருந்தால் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு எடுக்கும். இதைப் பார்த்த பிறகு ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காலைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாணி ஒட்டிய குளம்பில் எதுவும் தெரியாது. பன்றிக்கு ஒவ்வொரு காலிலும் தரையில் ஊன்றும் குளம்பு இரண்டு, பின்னால் மேலே சின்னதாக இரண்டு. பின்னங்காலில் வெளிப்பக்கத்துக் குளம்புதான் கொஞ்சம் பெரியது, எடையும் அதிகம் தாங்கும், அதனால் பெரும்பாலும் அதுதான் முதலில் கெடும். அடிப்பாகத்தில் வெடிப்பு, தேய்ந்து சதை தெரிவது, கல்லோ கம்பியோ குத்தியிருப்பது, இரண்டு குளம்புக்கும் நடுவில் புண், குளம்பும் தோலும் சேருமிடத்தில் சிவந்த வீக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் எந்த இடத்தில் காலை உதறுகிறது என்று தெரிந்துவிடும்.

குளம்பு சுத்தமாக இருந்தால் மேலே வாருங்கள். முட்டி, பின்னங்கால் மூட்டு, முழங்கை இவற்றைக் கையால் பிடித்து, நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூடாகவும் வீங்கியும் இருக்கிறதா? அப்புறம் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். குட்டிகளுக்கு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். ஓடிப் பிடித்த உடனே பார்த்தால் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அதனால் பத்து நிமிடம் அமைதியாக விட்டுவிட்டுப் பாருங்கள். 104-க்கு மேல் இருந்தால் அடிபட்டதோ பிசகியதோ அல்ல, உள்ளே கிருமி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் குட்டிகளின் வயதில், அதாவது இரண்டிலிருந்து இரண்டரை மாதத்தில், மூட்டைப் பிடிக்கும் கிருமிகளில் முக்கியமானவை மூன்று. ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ். மூட்டு வீங்கும், சில குட்டிகளில் மூளைக்கும் ஏறி, பக்கவாட்டில் படுத்துக் கால்களை சைக்கிள் மிதிப்பது போல ஆட்டும். இந்தக் கிருமி மனிதருக்கும் மூளைக்காய்ச்சல் கொடுக்கும், காது கேட்காமல் போகவும் செய்யும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் இந்தக் குட்டிகளைத் தொடாதீர்கள். இரண்டாவது கிளாசர் நோய். பால் மறந்த அதிர்ச்சி, கூட்டம் மாற்றிய அதிர்ச்சி இவற்றுக்குப் பின்னால் வரும். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வாங்கல், தீவனம் எடுக்காமை எல்லாம் சேர்ந்திருக்கும். மூன்றாவது மைக்கோபிளாஸ்மா. இதில் ஒரு வகை இந்த வயதிலேயே வரும், இன்னொரு வகை மூன்று மாதத்துக்கு மேல்தான் அதிகம். இந்த மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது, அதனால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. பக்கத்துப் பண்ணையில் பென்சிலின் போட்டதும் இரண்டே நாளில் சரியாயிற்றே என்று நீங்களும் அதையே வாங்கிப் போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே இருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸாகவோ, தோலில் சதுரம் சதுரமாகச் சிவந்து வரும் எரிசிபெலஸாகவோ இருந்திருக்கலாம். அந்த இரண்டும் பென்சிலினுக்குக் கேட்கும். மருத்துவரை அழைத்துக் காட்டிவிடுங்கள். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் வசதி தமிழ்நாட்டில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நொண்டுவது ஒன்றாக இல்லாமல், காலையில் ஒன்று, மாலையில் நாலு என்று ஏறினால் உடனே மூக்கு நுனியையும் குளம்பு ஓரங்களையும் பாருங்கள். கொப்புளமோ, கொப்புளம் உடைந்த புண்ணோ இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். மாட்டுக்கு வாயில் நுரை தள்ளும், பன்றிக்கு நொண்டல்தான் முதலில் தெரியும். தீவனம் கொட்டினாலும் எழுந்திருக்காது, எழுப்பினால் கத்தும். அப்படி இருந்தால் ஒரு குட்டியையும் வெளியே விற்காதீர்கள், வெளியாள் யாரையும் கொட்டிலுக்குள் விடாதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பின்னங்கால் தள்ளாட்டத்தோடு காதும் வயிறும் நீலம் பாய்ந்து, நல்ல காய்ச்சலும் இருந்தால் அது ஸ்வைன் ஃபீவர் என்னும் பன்றிக் காய்ச்சலாகவோ ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு. இரண்டாவதற்கு வைத்தியமே கிடையாது. 2020-ல் அசாம், அருணாசலத்தில் தொடங்கி, 2022-ல் வயநாட்டுப் பண்ணைகளுக்கும், 2023-ல் முதுமலைக் காட்டுப்பன்றிகளுக்கும் வந்துவிட்ட நோய் இது. ஓட்டல் கழிவு போடுகிறவர்கள் அதைக் கொதிக்கவைத்துத்தான் போட வேண்டும் என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது இந்த இரண்டு காய்ச்சலுக்காகவும் கோமாரிக்காகவும்தான்.

நீங்கள் என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. நொண்டலில் தீவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டல் சோறும் அரிசித் தவிடும் மட்டும் என்றால் சுண்ணாம்புச்சத்து கட்டாயம் பற்றாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் எலும்புக்கு இரண்டும் சரியான அளவில் வேண்டும், கால்சியம் கொஞ்சம் தூக்கலாக. அது இல்லாமல் வேகமாக எடை ஏறும் வெள்ளைக் குட்டிகளுக்கு முன்னங்கால் வளையும், மூட்டு பருக்கும், நாலு அடி நடந்தால் படுத்துவிடும். இப்படிப்பட்ட கொட்டிலில் நொண்டும் குட்டி ஒன்றோடு நிற்காது. தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் 1-லிருந்து 2 சதவீதம் சேர்ப்பது செலவான காரியம் அல்ல. சிலர் மலிவாகக் கிடைக்கிறது என்று பிராய்லர் கோழித் தீவனத்தைப் போடுவார்கள். அதில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகள் கலந்திருக்கும். மைக்கோபிளாஸ்மாவுக்கு என்று டயாமுலின் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து தசையைக் கெடுத்து, பின்பக்கம் விழுந்து, குட்டி செத்தே போகும். மருத்துவர் வந்தால் கோழித் தீவனம் போடுவதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டும். குட்டிக்கு இரும்புச்சத்து ஊசியோ வேறு ஊசியோ தொடையில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே நரம்பில் பட்டால் கால் இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சீழ்க்கட்டி வரும். காதுக்குப் பின்னால் கழுத்தில் போடுவதுதான் முறை. மற்றது வால் கடி. வாலைக் கடித்த புண் வழியாகக் கிருமி உள்ளே போய், முதுகெலும்பு வரை ஏறி அங்கே சீழ் கட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பின்னங்கால்கள் செயலிழக்கும். அப்போது வால் புண் ஆறிப்போயிருக்கும், காரணம் யாருக்கும் புரியாது. உங்கள் குட்டியின் வாலை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

வலி ஊசி விஷயத்துக்கு வருகிறேன். வலி குறைந்தால் குட்டி எழுந்து தின்னும், தின்றால் சீக்கிரம் தேறும், ஆகவே வலிக்கு மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் பெரும்பாலும் மெலாக்ஸிகம் எழுதுவார். நம் ஊர் மருந்துக்கடைகளில் மனிதருக்கான டைக்ளோஃபினாக் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை. 2023-ல் கீட்டோப்ரொஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடை செய்யப்பட்டன. இந்த மருந்துகளைப் போட்டு இறந்த கால்நடையைத் தின்கிற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகின்றன. நாடு முழுக்க அவை அழிந்ததற்கு முக்கியக் காரணமே டைக்ளோஃபினாக்தான். மிச்சமிருக்கும் கழுகுகளில் ஒரு பகுதி நம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மெலாக்ஸிகம் அவற்றைக் கொல்வதில்லை. நல்ல மருந்து கையில் இருக்கும்போது கெட்டதைப் போட ஒரு நியாயமும் இல்லை.

சரி, பிரித்த குட்டியை எங்கே வைப்பது? தரை காய்ந்திருக்க வேண்டும். வெறும் சிமெண்டில் படுக்க வைத்தால் இருக்கிற வீக்கம் கூடும், முட்டி தேயும், தோள் புண்ணாகும். கணுக்கால் புதையும் அளவுக்கு வைக்கோல் பரப்புங்கள். மரத்தூள் என்றால் பொடியாக இல்லாமல் கொஞ்சம் சுருளாக இருப்பது நல்லது, தூசி மூக்கில் ஏறாது. நனைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். தண்ணீரும் தீவனமும் படுத்த இடத்திலிருந்து நாலு அடிக்குள் இருக்கட்டும், எழுந்து நடக்க வலிக்கிற குட்டி தாகத்தோடு படுத்தே கிடக்கும். குளம்பில் புண் என்றால் தினம் ஒருமுறை கழுவி, துடைத்து, போவிடோன் அயோடின் போடுங்கள். நடுக்குளம்புப் புண்ணுக்கு 5 சதவீத மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் காலைச் சில நிமிடம் நனைக்கலாம், ஆனால் குட்டி அதைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு குட்டி வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பன்றி ஒற்றையாக இருந்தால் தீவனம் எடுப்பது குறையும், விடாமல் கத்தும், வெளியே வர முட்டிமோதும், வலிக்கிற காலுக்கு இன்னும் கேடு. அதைவிட முக்கியம், திரும்பிப் போகும் நாளில் அதற்குத் துணை வேண்டும். சில நாள் பிரிந்திருந்தாலே கூட்டம் அதைப் பழைய ஆளாக ஏற்றுக்கொள்ளத் தயங்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் பல சமயம் புதுசாக வந்த குட்டியைப் போலவே நடத்தும். எல்லாவற்றுக்கும் கீழே இருந்த குட்டிக்கு இது இன்னும் மோசம். ஒன்றை மட்டும் விட்டால் 13-ம் அதன் மேலேயே பாயும். இரண்டு மூன்றாகப் போனால் அடி பங்கு பிரிந்துவிடும்.

இனி கூட்டத்தைப் பார்ப்போம். பன்றிக்குட்டிகள் பிறந்த சில நாட்களுக்குள்ளேயே எந்தக் காம்பு யாருக்கு என்று சண்டை போட்டுத் தீர்த்துவிடும், பால் மறக்கும் வரை அது மாறாது. அதனால் ஒரே தாயின் குட்டிகளுக்குள் வரிசை ஏற்கெனவே தெரியும். நீங்கள் இரண்டு தாய்களின் குட்டிகளைச் சேர்த்தபோது இரண்டு வரிசைகள் மோதின. தாயைப் பிரிந்தது, தீவனம் மாறியது, இடம் மாறியது, புது முகங்கள் என்று நாலு அதிர்ச்சி ஒரே நாளில். அப்படிச் சேர்த்தால் முதல் 24 மணி நேரம் கடும் சண்டை இருக்கும், இரண்டாம் நாள் குறையும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பத்து நாள் ஆகியும் விரட்டல் தொடர்கிறது என்றால் அது வரிசைச் சண்டை அல்ல. ஏதோ ஒன்று பற்றவில்லை. அது தீவன இடமாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், நிழலாக இருக்கலாம், படுக்க இடமாக இருக்கலாம். பெரிய ஆண்குட்டியைக் குற்றம் சொல்லும் முன் இதை அளந்து பாருங்கள்.

தொட்டியில் ஒரு குட்டிக்கு ஒரு சாண் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 குட்டிக்குப் பத்தடிக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம் வேண்டும். ஐந்தடித் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால் உங்கள் பெண்குட்டி மட்டுமல்ல, இன்னும் நாலைந்து குட்டிகள் அரைவயிறாகத்தான் இருக்கும், நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை. இரண்டாவது தொட்டியை முதல் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எதிர் மூலையில் வையுங்கள். ஒரு பெரிய குட்டியால் இரண்டு மூலையையும் ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது. தண்ணீருக்கும் அதே கணக்குதான். பத்துக் குட்டிக்கு ஒரு நிப்பிள் (குட்டி வாய் வைத்துக் குடிக்கும் குழாய் முனை) என்பது குறைந்தபட்சம், ஆனால் எத்தனை குட்டி இருந்தாலும் இரண்டு நிப்பிளாவது, தள்ளித் தள்ளி. அரை லிட்டர் பாட்டிலை நிப்பிளில் பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குடிக்க அதிக நேரம் நிற்கும், பின்னால் நிற்பது பொறுமை இழந்து கடிக்கும். மதிய வெயிலில் மேல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடுகிறதா என்றும் பாருங்கள், சூடான தண்ணீரைக் குட்டிகள் குடிக்காது.

இடம் என்று எடுத்தால் குட்டி ஒன்றுக்குப் 10 சதுர அடியாவது வேண்டும். உங்களுக்கு 140 சதுர அடி. இதில் படுக்கும் இடம் காய்ந்தும், சாணி போடும் இடம் தனியாகவும் இருக்க வேண்டும். இடமும் நிழலும் பற்றாமல் சூடு ஏறினால் பன்றி சாணியிலும் மூத்திரத்திலும் புரளும். அதற்கு வேர்த்துக் குளிர வழியில்லை, வேறு என்ன செய்யும்? தரை முழுக்க ஈரமாகும், ஈரத்தில் குளம்பு ஊறி மெத்தென்றாகும், அப்புறம் சொரசொரப்பான சிமெண்டில் அது சீக்கிரம் தேயும். சிமெண்ட் புதுசாகப் போட்டது என்றால் இன்னொரு ஆபத்து, அதன் காரம் குளம்பையும் தோலையும் அரிக்கும். நன்றாக ஆறவிட்டு, பலமுறை கழுவிவிட்ட பிறகே குட்டிகளை விட வேண்டும். கோடையில் கூரை மேல் தென்னங்கீற்று, பகலில் இரண்டு மூன்று முறை குட்டிகள் மேல் தண்ணீர் தெளிப்பு, பிறகு தரை காயும்படி வாட்டம் (சரிவு). வாட்டம் இல்லாத கொட்டிலில் தெளிக்கும் தண்ணீரே நொண்டலுக்குக் காரணமாகிவிடும்.

அடிப்பதில் பாதி, செய்ய வேலை இல்லாததால் வருவது. பன்றி நாள் முழுக்க மண்ணைக் கிண்டி, மோந்து, மென்று பொழுது போக்கும் பிராணி. வெறும் சிமெண்டில் கிண்டுவதற்கு இருப்பது பக்கத்துக் குட்டியின் வாலும் காதும் வயிறும்தான். தினம் இரண்டு கைப்பிடி வைக்கோல், ஒரு வாழைத்தண்டு, வேலிமசால் கட்டு, கயிற்றில் தொங்கவிட்ட சணல் சாக்கு என்று எதையாவது கொடுங்கள். சணலாக இருக்க வேண்டும், யூரியா வரும் பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், நூலை விழுங்கிவிடும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாதீர்கள், விஷம். ஒரே பொருளைத் தினமும் போட்டால் இரண்டு நாளில் சலித்துவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள். தீவனத்தில் உப்பு குறைந்தாலும் வால் கடி கூடும். கொட்டிலில் நுழைந்ததும் கண் எரிகிறது என்றால் அமோனியா அதிகம், அதுவும் கடிக்குக் காரணம்.

பெரிய ஆண்குட்டியை என்ன செய்வது? முதலில் காயடித்திருக்கிறதா என்று பாருங்கள். காயடிக்காத ஆண்குட்டிகள் நாலு மாதத்தை நெருங்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கும், கீழே மாட்டிய குட்டியின் பின்னங்கால் போவது அப்போதுதான் அதிகம். இப்போது உள்ள விரட்டல் தொட்டியையும் தண்ணீரையும் சரி செய்ததும் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லை என்றால் அதையே வேறிடத்துக்கு மாற்றுங்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. அடிபடுவதை எடுத்தால் அடுத்த நாளே அடிபட இன்னொன்று முளைக்கும். கால் நோய் இருந்தால் மட்டும் அடிபட்டதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பதைத்தான் எடுக்க வேண்டும். வால் கடிக்கிற குட்டி என்றால் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது. ரத்தம் வந்த வாலை மற்றவையும் தேடித் தேடிக் கடிக்கும். கடிபட்டதையும் தனியே எடுத்து மருந்து போடுங்கள்.

கால் சரியான பிறகு திரும்பச் சேர்ப்பதை இப்படிச் செய்யுங்கள். சேர்க்கும் நாளுக்கு முன்பு இரண்டு மூன்று நாள், கம்பித் தடுப்புக்கு இரு பக்கமும் ஒன்றையொன்று மோந்து பார்க்கும்படி பக்கத்துக் கொட்டிலில் வையுங்கள். சேர்க்கும் அன்று மாலை, வெயில் இறங்கிய பிறகு, எல்லாவற்றுக்கும் வயிறு நிறையத் தீவனம் போடுங்கள். முடிந்தால் பழைய கொட்டிலில் விடாமல், இரு தரப்புக்கும் புதிதான கழுவிய கொட்டிலில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுங்கள், யாருக்கும் சொந்த மூலை இருக்காது. நிறைய வைக்கோல் போட்டு, அதில் கொஞ்சம் தீவனத்தை இறைத்துவிடுங்கள், தலை கீழே இருக்கும் நேரம் சண்டை குறையும். சுவரோடு குறுக்காக ஒரு பலகையை நிறுத்தி வைத்தால் துரத்தப்பட்ட குட்டி அதன் பின்னால் தலையை மறைத்துக்கொள்ளும். தலை மறைந்தாலே பாதிச் சண்டை முடிந்துவிடும். முதல் இரண்டு மணி நேரம் அங்கேயே இருங்கள். தோளில் கீறல் விழுவதற்கெல்லாம் உள்ளே இறங்கிப் பிரிக்காதீர்கள், பாதியில் பிரித்த சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே குட்டியை மூன்று நாலு சேர்ந்து விடாமல் துரத்தினால், அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அப்போது பிரியுங்கள். ஃபினாயிலோ மண்ணெண்ணெயோ எல்லாக் குட்டி மேலும் பூசினால் வாசனை தெரியாமல் சண்டை போடாது என்று சொல்வார்கள். வாசனை போனதும் சண்டை வரும், தோல் வெந்ததுதான் மிச்சம். ஃபினாயில் மாதிரியான பொருள்கள் பன்றிக்கு விஷம்.

அடுத்த ஈற்றில் ஒரே தாயின் குட்டிகளைப் பிரிக்காமல் வைக்கப் பாருங்கள். இரண்டு ஈற்றைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், தாயோடு இருக்கும்போதே, பிறந்து இரண்டு மூன்று வாரத்தில், நடுத்தடுப்பை எடுத்துவிட்டுக் குட்டிகளைக் கலந்து பழக விடலாம். அந்த வயதில் சண்டை சின்னது, காயமும் சின்னது. பால் மறக்கடிக்கும் நாளில் தாயை மட்டும் எடுத்துவிட்டு, குட்டிகளை அதே இடத்தில் ஒரு வாரம் விட்டுவைத்தாலும் அதிர்ச்சி குறையும். எடை பார்த்து ஒரே அளவாகச் சேர்த்தால் சண்டை வராது என்று பலர் நம்புகிறார்கள். சமபலம் உள்ளவை சேர்ந்தால் யாரும் விட்டுக்கொடுக்காமல் சண்டை நீளவே செய்யும். கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருப்பது நல்லது, மிகச் சிறியதை மட்டும் தனியாக வைத்துத் தேற்றுங்கள்.

மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் குட்டி காலை ஊன்றவில்லை என்றால் மருத்துவரை மறுபடி வரச் சொல்லுங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்து எலும்பு கெட்டிருந்தாலோ, தொடை எலும்பு உடைந்திருந்தாலோ மேலும் ஊசி போட்டுக்கொண்டே போவது குட்டிக்கு வேதனை மட்டும்தான். எழுந்து தண்ணீர் குடிக்க முடியாத குட்டியை வாரக்கணக்கில் போட்டு வைக்காமல், வலியில்லாமல் முடித்துவிடும்படி மருத்துவரிடமே கேளுங்கள். நொண்டும் பன்றியை வண்டியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்புவதும் கூடாது, வழியிலேயே மற்றவை மிதித்துவிடும். தேறிவிட்டால் காதில் ஒரு அடையாளம் போட்டு, கொடுத்த மருந்தின் பெயரையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் எழுதி வையுங்கள். கறிக்குக் கொடுக்கும் முன் எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதை அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.